ஓல்டு நம்பர் ஒன்: ஒரு பந்தயக் காரின் வரலாறு

பழம்பொருள்களைக் காப்பதில் இரு வகை உண்டு. செப்பேட்டையும் சிற்பத்தையும் கை படாமல் வைத்திருப்பதே அவற்றைக் காக்கும் வழி. ஓடுவதற்கென்று செய்யப்பட்ட இயந்திரத்தின் நிலை வேறு. அது ஓடினால் தேயும். தேய்ந்த உறுப்பை மாற்றினால்தான் மறுபடியும் ஓடும். இவ்வாறு மாற்றிக்கொண்டே வந்தால், முதலில் இருந்த உறுப்புகளில் எதுவுமே எஞ்சாத நாளும் வரக்கூடும். அன்றைக்கும் அது அதே இயந்திரந்தானா? தத்துவ நூல்களில் மட்டுமே எழும் கேள்வி என்று இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது. 1990-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்தில் ஒரு கோடி பவுன் மதிப்புள்ள வழக்காகவே இக்கேள்வி எழுந்தது. வழக்குக்குப் பொருளாயிருந்தது ஒரு மோட்டார் கார். ‘ஓல்டு நம்பர் ஒன்’, அதாவது ‘பழைய முதலாம் எண்’ என்பது அதன் செல்லப் பெயர். அக்காரின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

வால்டர் ஓவன் பென்ட்லி இளமையில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் தொழில் பழகியவர். முதல் உலகப் போரின்போது விமான எஞ்சின்களை வகுத்துப் பெயர் பெற்றார். எஞ்சினின் பிஸ்டன்களை அலுமினியக் கலவையினால் செய்யலாம் என்று எடுத்துக்காட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். போர் முடிந்ததும், 1919-இல் தம் பெயரிலேயே ஒரு கம்பெனியைத் தொடங்கினார். லண்டன் நகரின் கிரிக்கிள்வுட் பகுதியில் அதன் தொழிற்சாலை அமைந்தது. ஒரு காரின் உறுதியைப் பொதுமக்களுக்கு மெய்ப்பிக்கப் பந்தயத்தைவிடச் சிறந்த இடமில்லை என்பது அவர் கொள்கை. பிரான்ஸ் நாட்டில் லெ மான் நகரருகே 1923-இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் இக்கொள்கைக்கு ஏற்ற களமாயிற்று. இரவும் பகலும் ஓயாமல் ஓடி, அதிகத் தூரம் கடக்கும் காருக்கே அங்கு வெற்றி. 1924, 1927, 1928 ஆகிய ஆண்டுகளில் பென்ட்லி கார்கள் அப்பரிசைப் பெற்றன.

புகழ் வந்ததே தவிரப் பணம் வரவில்லை. 1926-இல் கம்பெனியைக் கைகொடுத்துக் காத்தவர் உல்ஃப் பார்னாட்டோ. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெரும்பொருள் ஈட்டிய பார்னி பார்னாட்டோவின் மகன் அவர். முதலீடு செய்தவர் கணக்குப் பார்ப்பதோடு நின்றுவிடவில்லை; தாமே காரோட்டியாகவும் இறங்கினார். லெ மான் பந்தயத்தில் அவர் கலந்துகொண்டது மூன்றே முறை. 1928, 1929, 1930 ஆகிய அம்மூன்று முறையும் வெற்றி அவருடையதே. இவற்றுள் பின்னிரண்டு வெற்றிகளும் நம் கதைக்குரிய காரோடு சேர்ந்தவை.

‘ஸ்பீடு சிக்ஸ்’ என்பது அந்த வகைக் காரின் பெயர். அதன் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 6,597 கன சென்டிமீட்டர். சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகளும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் இருந்தன. வால்வுகளை இயக்கும் காம் தண்டு எஞ்சினின் தலைப்பகுதியில் இருந்தது. அதனைச் சுழற்றச் சங்கிலியோ பல்சக்கர வரிசையோ வைக்காமல், இணைதண்டுகள் மூன்றைப் பென்ட்லி அமைத்தார். ரயில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளை நினைவூட்டும் அமைப்பு அது. இளமையிற் கற்ற தொழில் அவரை விடவில்லை போலும்! வேகம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும், சூப்பர்சார்ஜர் என்னும் கருவியைக் கொண்டு காற்றை வலிந்து உள்ளே திணிக்கக் கூடாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். பந்தயத்துக்கெனச் செப்பனிடப்பட்ட ஸ்பீடு சிக்ஸ் ஏறத்தாழ 200 குதிரைச் சக்தி தந்தது.

1929 மே மாதம், பகலுக்குப் பன்னிரண்டு மணியாக இரண்டு நாள் நடந்த புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் இக்கார் முதன்முறையாகக் களமிறங்கியது. டைனமோவில் ஏற்பட்ட கோளாற்றினால் பாதியிலேயே விலக நேர்ந்தது. அடுத்த மாதம் லெ மானுக்குச் சென்றபோது அதன் மீது எழுதப்பட்டிருந்த எண் 1. பார்னாட்டோவும் டிம் பிர்கினும் மாறி மாறி ஓட்டினார்கள். 24 மணி நேரத்தில் 174 சுற்றுகள், அதாவது ஏறக்குறைய 2,844 கிலோமீட்டர் ஓடி அது முதலிடம் பெற்றது. இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களும் பென்ட்லி கார்களுக்கே கிடைத்தன. அதே மாத இறுதியில் புரூக்லண்ட்ஸில் ஆறு மணி நேரப் பந்தயத்தில் மீண்டும் வெற்றி. ஜூலையில் டப்ளின் நகரின் பீனிக்ஸ் பூங்காவில் நடந்த அயர்லாந்து கிராண்ட் பிரியில் இரண்டாமிடம். அக்டோபரில் 500 மைல் பந்தயத்தில் இரண்டாமிடம். ஒரே ஆண்டில் இத்தனை பந்தயங்களில் ஓடித் தேறுவது எந்தக் காருக்கும் எளிதன்று.

மறு ஆண்டு லெ மானில் கடும் எதிரி ஒருவன் காத்திருந்தான். ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் கார் அது. அதன் எஞ்சின் ஏழு லிட்டருக்குச் சற்று மேற்பட்டது. தேவைப்படும்போது மட்டும் இணைத்துக்கொள்ளும் சூப்பர்சார்ஜரும் உண்டு. ஓட்டியவர் அக்காலத்துப் பெருவீரர் ருடால்ஃப் கராச்சியோலா. துணைக்குக் கிறிஸ்டியன் வெர்னர். பென்ட்லிகள் பல, மெர்சிடிஸ் ஒன்று. முதலில் பிர்கின் தமது சூப்பர்சார்ஜர் பொருத்திய பென்ட்லியில் துரத்திச் சென்று மெர்சிடிஸை ஓய்வின்றி விரட்டினார். பிறகு ஸ்பீடு சிக்ஸ் கார்கள் அப்பணியை ஏற்றன. இருள் கவிந்த பின்னும் துரத்தல் நிற்கவில்லை. நள்ளிரவு கடந்து சில மணி நேரத்தில் மெர்சிடிஸின் விளக்குகள் மங்கின. மின்சாரம் தீர்ந்து அது பந்தயத்திலிருந்து விலகியது. முந்தைய ஆண்டு புரூக்லண்ட்ஸில் நம் காரைக் கைவிட்ட அதே மின்சாரப் பகுதி, இப்போது எதிரியைக் கைவிட்டது! பிர்கின் அணியின் சூப்பர்சார்ஜர் கார்களும் ஓடி முடிக்கவில்லை. பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டிய ஓல்டு நம்பர் ஒன் 179 சுற்றுகளில் 2,930 கிலோமீட்டர் கடந்து வென்றது. இரண்டாமிடம் மற்றொரு ஸ்பீடு சிக்ஸுக்கு. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லெ மானில் வென்ற கார் என்ற பெயர் இவ்வாறு ஓல்டு நம்பர் ஒன்னுக்கு உரியதாயிற்று.

இங்கே நாம் சற்று நின்று, பந்தயத் தொழிற்கூடத்தின் நடைமுறையைக் கவனிக்க வேண்டும். பந்தயக் கார் என்பது ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் பிரித்துப் பார்க்கப்படுவது. வெடிப்பு கண்ட அச்சும், வளைந்த சட்டமும், தேய்ந்த பல்சக்கரமும் உடனே அகற்றப்படும். புதிய முறை ஒன்று கண்டறியப்பட்டால் பழைய உறுப்பு நன்றாயிருந்தாலும் அதற்கு இடமில்லை. அதனை அழகிய நினைவுப் பொருளாக நாளைய தலைமுறைக்கு வைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்த தொழிலாளர் எவர்க்கும் இருந்திருக்க நியாயமில்லை. அடுத்த ஞாயிறன்று அது ஓட வேண்டும், அவ்வளவே. ஆகவே 1929-இல் வென்ற காரும் 1930-இல் வென்ற காரும் பெயரால் ஒன்றாயினும், உறுப்புகளால் பெரிதும் வேறுபட்டிருந்தன. பின்னாளில் எழுந்த சிக்கலுக்கு விதை அந்த வெற்றி நாட்களிலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

1930 வெற்றிக்குப் பிறகு பென்ட்லி கம்பெனி பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. உலகப் பொருளாதார மந்தம் விலையுயர்ந்த கார்களின் விற்பனையைச் சாய்த்துவிட்டிருந்தது. 1931 ஜூலையில் கம்பெனி கடன்காரர்களின் பொருட்டு நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குச் சென்றது. ஆண்டு முடிவதற்குள் ரோல்ஸ் ராய்ஸ் அதனை வாங்கிவிட்டது. ஆயினும் ஓல்டு நம்பர் ஒன் ஓய்வு பெறவில்லை. 1931-இல் புரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதனை ஓட்டி முதற்பரிசு பெற்றனர்.

1932-இல் பார்னாட்டோவுக்காக அக்கார் பெருமாற்றம் அடைந்தது. நான்கு லிட்டர் வகைக் காரின் அடிச்சட்டமும், எட்டு லிட்டர் எஞ்சினும் அதில் இடம்பெற்றன. அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் 500 மைல் பந்தயம். புரூக்லண்ட்ஸ் தடம் 1907-இல் அமைக்கப்பட்டது. அதன் வளைவுகள் கிண்ணத்தின் உட்புறம்போல் உயர்ந்து சரிந்த கான்கிரீட் மேடைகள். ஜாக் டன்ஃபீயின் சகோதரர் கிளைவ் டன்ஃபீ காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அது அவ்வளைவின் மேல் விளிம்பைக் கடந்து அப்பால் வீழ்ந்தது. கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். முந்தைய ஆண்டு ஒரு சகோதரருக்கு வெற்றி தேடித் தந்த கார், மற்றவரின் இறுதிப் பயணத்துக்கும் சாட்சியாயிற்று. அதனோடு அதன் பந்தய வாழ்வும் முடிவுற்றது.

சேதமடைந்த கார் திருத்தப்பட்டு, கூரையுடன் கூடிய சாலை வண்டியாகப் பார்னாட்டோவுக்குப் பயன்பட்டது. பின்னர்க் கைமாறிக் கைமாறிச் சென்றது. இதற்கிடையில் பழைய கார்களை மதிக்கும் மனப்பான்மையும் வளர்ந்து வந்தது. 1934-இல் இங்கிலாந்தில் பழைய விளையாட்டுக் கார்களுக்கெனச் சங்கம் ஒன்று தோன்றியது. 1930 முடிய உருவான கார்களையே ‘வின்டேஜ்’ என்று அது வகுத்தது. 1936-இல் பென்ட்லி ஓட்டுநர்களுக்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது. இரும்புக் கடைக்குப் போக வேண்டிய வண்டிகளுக்கு மதிப்பு உயர்ந்தது. ஓல்டு நம்பர் ஒன்னும் காலப்போக்கில் மறுபடியும் தன் பழைய பந்தயக் கோலத்தை நினைவூட்டும் உருவம் பெற்றது.

1990 ஏப்ரலில் அதன் உரிமையாளர் காரை ஒரு கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க இசைந்த நிறுவனம் பின்னர்ப் பின்வாங்கியது. ‘லெ மானில் வென்ற காரையே நாங்கள் விலை பேசினோம். இதிலோ வென்ற காரின் உறுப்புகள் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. ஆகவே இது அந்தக் கார் அன்று’ என்பது அதன் வாதத்தின் சாரம். வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். பழைய புகைப்படங்களும் தொழிற்சாலைப் பதிவுகளும் ஆராயப்பட்டன. ஒவ்வோர் உறுப்பும் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தனித்தனியே கணக்கெடுக்கப்பட்டது.

நீதிபதி ஆட்டன் கண்ட முடிவுகள் வியப்பூட்டுவன. 1929-இல் லெ மானில் வென்ற காரிலிருந்து, காலம் கணிக்க முடியாத சில சிறு பொருத்துகளைத் தவிர எதுவும் எஞ்சவில்லை. 1930-இல் வென்ற காரிலிருந்து எஞ்சியவை மூன்றே: மிதிகளைத் தாங்கும் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு. 1932-ஐ ஒட்டிய மாற்றங்களைச் சேர்ந்த அடிச்சட்டம், எட்டு லிட்டர் எஞ்சின், முன் அச்சு முதலிய பல உறுப்புகள் இன்னும் இருந்தன. இவ்வளவு கண்ட பிறகும் தீர்ப்பு விற்றவருக்கே சாதகமாக அமைந்தது!

அத்தீர்ப்பின் நுட்பம் சொற்களைப் பிரித்தறிவதில் இருக்கிறது. மூல உறுப்புகளோடு முதலில் இருந்தபடியே இருக்கும் காரைத்தான் ‘மூல நிலைக் கார்’ எனலாம். ஓல்டு நம்பர் ஒன்னுக்கு அத்தகுதி இல்லை. அழிந்துபோன காரின் சிதறிய உறுப்புகளைத் திரட்டி மீண்டும் செய்ததை ‘மறுபடைப்பு’ எனலாம். இக்கார் எக்காலத்தும் அழிந்து மறைந்ததில்லை ஆதலின், அதுவும் பொருந்தாது. புதிய உறுப்புகள் சிறுகச் சிறுக, நெடுங்காலத்தில் சேர்ந்து முழுமையோடு ஒன்றிவிட்டன. இடையில் ஒரு நாளேனும் அதன் அடையாளம் அறுபடவில்லை. அப்பெயருக்கு உரிமை கொண்டாடக்கூடிய வேறு பென்ட்லியும் உலகில் இல்லை. ஆகவே இது ‘மெய்யான’ ஓல்டு நம்பர் ஒன் என்றே நீதிபதி முடிவு செய்தார். விலை பேசப்பட்டது உலோகம் மட்டும் அன்று, அதன் வரலாறும் புகழும் சேர்த்தே என்பது அவர் கருத்து.

இக்கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பஞ்சாபிலிருந்து ஆண்ட மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும், நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் உரையாடலை நேயர்கள் அறிந்திருக்கலாம். தேரில் வந்த அரசனை நோக்கி, அச்சுதான் தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று துறவி கேட்கிறார். எதுவும் தேர் அன்று; எல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று அரசன் உணர்கிறான். பின்னொரு சமயம் இரவெல்லாம் எரியும் விளக்கைப் பற்றிய பேச்சு எழுகிறது. முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல. தொடர்ச்சி ஒன்றே அவற்றை இணைக்கிறது என்பது துறவியின் விளக்கம். லண்டன் நீதிபதி கார் உறுப்புகளைக் கணக்கெடுத்து அடைந்த முடிவு அதற்கு மிக அருகில் நிற்கிறது.

ஆனால் தொடர்ச்சி அறுந்துபோன கார்களும் உண்டு. ‘பாப்ஸ்’ என்ற வேகச் சாதனைக் காரில் பாரி தாமஸ் என்ற பொறியாளர் 1927 மார்ச்சில், வேல்ஸ் நாட்டுப் பென்டைன் கடற்கரையில் உயிர் நீத்தார். கார் அந்த மணலிலேயே புதைக்கப்பட்டது. 42 ஆண்டுகள் கழித்து, 1969-இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர் அதனைத் தோண்டி எடுத்துப் பல்லாண்டு உழைத்து மீண்டும் ஓடச் செய்தார். அங்கே பழைய உலோகம் இருந்தது; தொடர்ச்சி இல்லை. இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள மஜோரே ஏரியில் பல்லாண்டு மூழ்கிக் கிடந்த 1925-ஆம் ஆண்டுப் புகாட்டி காரோ, 2009-இல் வெளியே எடுக்கப்பட்டபின் திருத்தப்படாமல், துருப்பிடித்த கோலத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. திருத்தினால் அதன் கதை அழிந்துவிடும் என்பதே காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறை தகுந்தது.

நம் நாட்டிலும் இது ஏட்டளவில் நிற்கும் விவாதம் அன்று. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-இல் தில்லியில் பழைய கார்களின் ஊர்வலத்தைத் தொடங்கியது முதல், அரண்மனைக் கொட்டில்களிலும் பழைய வீட்டுக் கொல்லைகளிலும் கிடந்த வண்டிகள் மீட்கப்பட்டு வந்துள்ளன. 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வாகனங்களைப் பதிவு செய்யத் தனி விதிகள் வகுத்தது. அவற்றின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்டதாய், மூல வடிவில் பேணப்பட்டு, அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் அடையாத வண்டியே ‘வின்டேஜ்’ எனப்படும். போலிகளைத் தடுக்க இத்தகைய வரையறை தேவைதான். எனினும் அந்த அளவுகோலால் அளந்தால், இரு முறை லெ மான் வென்ற ஓல்டு நம்பர் ஒன் தேறாது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் அடிச்சட்டமும் மாறியது, உடற்கூடும் மாறியது, எஞ்சினும் மாறியது. மாறாதது அதன் வரலாற்றுத் தொடர்ச்சி ஒன்றே.

அத்தொடர்ச்சியை நீதிமன்றத்தில் நிலைநாட்ட உதவியவை எவை? தொழிற்சாலைப் பதிவுகளும், பந்தயக் குறிப்புகளும், புகைப்படங்களும், அறிந்தோர் சாட்சியமுமே. அவை இல்லாதிருந்தால் அது பெயரில்லாத ஒரு பழைய பென்ட்லியாகவே கருதப்பட்டிருக்கும். நம் நாட்டுத் தொழிற்கூடங்களில் பழைய வண்டியைப் புதுப்பிப்போர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. கழற்றிய உறுப்பை எறிந்துவிடாமல் சீட்டுக் கட்டி வைக்க வேண்டும். புதிதாய்ச் சேர்த்தது எது, எந்த நாளில், யார் கையால் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வண்டியோடு விட்டுச் செல்ல வேண்டும். புதியதைப் பழையதுபோல் காட்ட முயல்வது அந்த வண்டியின் பெயரையே ஐயத்துக்கு உள்ளாக்கும். மாற்றியதை மறைக்காமல் சொல்லிவிட்டால், எத்தனை உறுப்பு மாறினாலும் அதன் வரலாறு அதனோடு இருக்கும்.